எம்35ஏ2 ராணுவ டிரக்: எதில் முதலில் கை வைப்பது?

மண்பாதை கேட்டது:

வணக்கம். டெக்சாஸில் ராணுவ உபரி ஏலத்தில் எடுத்த எம்35ஏ2 ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 1972 ஏஎம் ஜெனரல் தயாரிப்பு, எல்டிடி-465-1சி மல்டிஃப்யூயல் (பலவகை எரிபொருளில் ஓடும்) டர்போ டீசல் இன்ஜின், வின்ச் கிடையாது. 9.00-20 என்டிடி (ராணுவ முரட்டுப் பட்டன்) டயர் பத்தும் பழசு. எஸ்எஃப்-97 (உபரி வண்டியைப் பதிவு செய்ய அரசு தரும் சான்றிதழ்) வந்துவிட்டதால் பதிவில் சிக்கல் இல்லை.

வண்டியின் நிலைமை இதுதான்:

பிரேக் பெடல் முதல் மிதியில் தரைவரை போகிறது, இரண்டாவது மிதியில் பாதியில் பிடிக்கிறது. மிதித்துப் பிடித்திருக்கும் வரை கேபினுக்கு அடியிலிருந்து காற்று சீறும் சத்தம் வருகிறது. ஏர் 110 பிஎஸ்ஐ வரை ஏறுகிறது, இன்ஜினை நிறுத்தினால் ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் இறங்கிவிடுகிறது. இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்கில் ஃபுல் கோட்டுக்கு அரை அங்குலம் மேலே நிற்கிறது. ஸ்டார்ட் நன்றாக ஆகிறது, புகை அதிகம் இல்லை.

செய்ய நினைப்பது: பின்னால் டூயலை (ஒரு பக்கத்துக்கு இரட்டைச் சக்கரம்) எடுத்துவிட்டு 395/85ஆர்20 சிங்கிள், இன்ஜெக்ஷன் பம்பில் ஃப்யூயலைக் கொஞ்சம் ஏற்றுவது, ரேடியோவுக்கும் கேமராவுக்கும் 12 வோல்ட். பயன்பாடு பெரும்பாலும் பண்ணைக்குள், மாதம் ஒருமுறை நெடுஞ்சாலையில் 60 மைல். எந்த வரிசையில் போகலாம், என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

---

பழைய இரும்பு:

டயரையும் பம்பையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நீங்கள் சொன்ன பெடல் நிலைமையில் அந்த வண்டி வாசலைத் தாண்டக் கூடாது.

எம்35ஏ2-வின் பிரேக் ஏர்-ஓவர்-ஹைட்ராலிக். ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே ஏர்-பாக் (மிதியின் அழுத்தத்தைக் காற்றால் பெருக்கும் யூனிட்), அதிலிருந்து ஆறு வீல் சிலிண்டருக்கும் ஒரே சர்க்யூட். ஆறில் ஒரு சிலிண்டரின் ரப்பர் கப் கிழிந்தாலும், ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தாலும் ஆறு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. காலி வண்டியே ஏறத்தாழ 13,000 பவுண்டு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று மட்டும் போனால் பிரேக் முழுசாகப் போகாது, பெடல் கல் மாதிரி ஆகும், முழு பலத்தோடு மிதித்தால் கொஞ்சம் பிடிக்கும். ஃப்ளூயிட் போனால் எதுவுமே இல்லை.

உங்கள் வண்டியில் மூன்று தனித்தனிக் கோளாறு இருக்கிறது.

முதல் மிதியில் தரை, இரண்டாவதில் பிடிப்பு என்றால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம், அல்லது லைனில் காற்று. முதலில் அட்ஜஸ்ட் செய்து பாருங்கள். பேக்கிங் பிளேட்டுக்குப் பின்னால் ஒவ்வொரு ஷூவுக்கும் ஒரு கேம் இருக்கும். சக்கரத்தைத் தூக்கி, சுழற்றிக்கொண்டே ஷூ உரசும்வரை திருப்பி, உரசல் நிற்கும் அளவுக்கு மட்டும் பின்வாங்குங்கள். அதற்குப் பிறகும் முதல் மிதி தரைக்குப் போனால் ஃப்ளூயிட் லைனில் சிக்கிய காற்றை எடுக்க வேண்டும்.

மிதித்துப் பிடித்திருக்கும் நேரமெல்லாம் சீறல் என்றால் சந்தேகம் ஏர்-பாக் மேல். காலை எடுக்கும்போது ஒரு தரம் ‘ஃபுஸ்’ என்று வருவது இயல்பு, தொடர்ந்து வருவது இயல்பில்லை. ஏர்-பாக்கின் வென்ட் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். பிரேக் ஃப்ளூயிட் ஒட்டினால் ஹைட்ராலிக் சீலும் போய்விட்டது, ரீபில்ட் செய்த யூனிட்டை மாற்றுவதே நல்லது. மாஸ்டர் சிலிண்டரில் அளவு குறைகிறது, வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால் பெரும்பாலும் ஃப்ளூயிட் போகும் வழி இதுதான்.

நிறுத்திய பின் ஏர் இறங்குவதற்கு சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு கம்ப்ரஸரிலிருந்து தொடங்குங்கள். டேங்கின் டிரெயின் காக், கவர்னர் எல்லாம் பார்த்த பிறகு வைப்பர் மோட்டாரை மறக்காதீர்கள். இந்த வண்டியில் வைப்பரும் ஹாரனும் காற்றில்தான் ஓடுகின்றன. டாஷ்போர்டுக்கு மேலே இருப்பதால் அங்கே கசிவதை யாரும் தேடுவதில்லை.

வாங்க வேண்டியவை: வீல் சிலிண்டர் 6 (ரிப்பேர் கிட் வேண்டாம், உள்ளே குழி விழுந்திருக்கும்), எல்லா ரப்பர் பிரேக் ஹோஸ்களும், மாஸ்டர் சிலிண்டர், ஹப் சீல்கள், ஃப்ளூயிட் 1 கேலன். ஹப்பைக் கழற்ற 3 அங்குல ஹப் நட் சாக்கெட். டிரம் ஹப்புக்கு உட்பக்கம் இருப்பதால் டிரம்மை மட்டும் தனியாக இழுக்க முடியாது. ஆக்ஸில் ஷாஃப்ட், வெளி நட், லாக் வாஷர், உள் நட், வெளி பேரிங், பிறகு ஹப்பும் டிரம்மும் சேர்ந்து வரும். நல்ல கனம். இரண்டு பேர் இருங்கள்.

அங்கே இரண்டு விஷயம். வீல் நட் ஓட்டுநர் பக்கம் இடது திருகு. ஸ்டட் முனையில் ‘எல்’ என்று குத்தியிருக்கும். வழக்கப்படி திருப்பி, வரவில்லையே என்று குழாய் போட்டுத் தொங்கி ஸ்டட்டை முறிப்பவர்கள் நிறைய. மற்றொன்று, பின் ஆக்ஸில் ஸ்பிண்டிலில் சாவிப் பள்ளம் ஒன்று நீளமாக ஓடும். கியர் ஆயில் அந்தப் பள்ளம் வழியாகவே சீலைத் தாண்டி ஹப்புக்குள்ளும் பிறகு லைனிங்குக்கும் வரும். புது சீல் போட்டும் ஒழுகுகிறது என்றால் காரணம் அதுதான். மாட்டும்போது சீல் உட்காரும் இடத்தில் பள்ளத்தை ஆர்டிவி சிலிக்கோனால் அடையுங்கள்.

மாட்டும்போது ஹப்பைச் சுழற்றிக்கொண்டே உள் நட்டை பேரிங் இறுகும்வரை முறுக்கி, 1/8 சுற்று தளர்த்தி, வாஷரை மடக்கி, வெளி நட். துல்லிய டார்க் எல்லாம் டிஎம் 9-2320-361-20-இல் இருக்கிறது. அந்தக் கையேடு இல்லாமல் இந்த வண்டியைத் தொடாதீர்கள்.

---

மண்பாதை:

மிக்க நன்றி. மாஸ்டர் சிலிண்டரைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருக்கும் ஃப்ளூயிட் தேன் நிறத்தில் இருக்கிறது, ஊதா இல்லை. டாட் 5 என்றுதானே கேள்விப்பட்டேன்? காற்று எடுப்பது எந்த வரிசை?

---

பழைய இரும்பு:

1980-களில் ராணுவம் எல்லா வண்டியையும் சிலிக்கோன் ஃப்ளூயிட்டுக்கு, அதாவது டாட் 5-க்கு மாற்றியது. அது புதிதாக இருக்கும்போது ஊதா, பழகப் பழக நிறம் வெளுத்து மஞ்சளாகும். அதனால் நிறத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. ஒரு கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் எடுத்து, அதே அளவு தண்ணீர் ஊற்றிக் குலுக்குங்கள். கலந்துவிட்டால் டாட் 3 அல்லது 4. தனியாகப் பிரிந்து நின்றால் டாட் 5.

இரண்டையும் கலக்கவே கூடாது. எப்படியும் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் மாற்றப் போகிறீர்கள், எஃகு லைன்களை மட்டும் டிநேச்சர்ட் ஆல்கஹாலால் கழுவி, காற்றடித்து உலர்த்திவிட்டு டாட் 5 ஊற்றுங்கள். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு அதுவே சரி, ஈரத்தை உறிஞ்சாது. உறிஞ்சாததால் உள்ளே வந்த தண்ணீர் தனியாகத் தாழ்வான இடத்தில் தங்கும் என்பதும் உண்மை, ஆகவே சில வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சக்கரத்திலும் கொஞ்சம் எடுத்துவிடுங்கள்.

டாட் 5-ஐக் குலுக்கக் கூடாது, நுரை பிடித்தால் இறங்கவே இறங்காது. கேனைச் சாய்த்து மெதுவாக ஊற்றுங்கள். ஓட்டுநர் காலடித் தகட்டைக் கழற்றினால் மாஸ்டரின் மூடி தெரியும். ஏர் டேங்குகளை முழுசாகக் காலி செய்துவிட்டு ஆரம்பியுங்கள். முதலில் ஏர்-பாக் ப்ளீடர் (காற்றை வெளியேற்றும் திருகு), பிறகு கடைசி ஆக்ஸில், நடு ஆக்ஸில், முன் ஆக்ஸில். பெடலை வேகமாக அடிக்காமல் நிதானமாக மிதியுங்கள். பிரஷர் ப்ளீடர் இருந்தால் 10 பிஎஸ்ஐ-க்கு மேல் தேவையில்லை.

நெடுஞ்சாலைக்குப் போவதாகச் சொன்னதால் இன்னொன்று. டயருக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை இரட்டை சர்க்யூட்டுக்குக் கொடுங்கள். டேண்டம் மாஸ்டர் சிலிண்டர், இரண்டாவது ஏர்-பாக். முன் ஆக்ஸில் ஒன்றில், பின் இரண்டும் மற்றொன்றில். இந்த வண்டிக்குச் செய்யும் எந்த மாடிஃபிகேஷனும் இதற்கு அப்புறம்தான்.

---

டீசல் புகை:

பிரேக் பற்றி அண்ணன் சொல்லிட்டார். நான் டிப்ஸ்டிக்குக்கு வர்றேன், ஏன்னா அது எனக்குப் பிடிக்கல.

ஆயில் ஃபுல்லுக்கு மேல நிக்குதுன்னா ஒண்ணு யாரோ கூடுதலா ஊத்தியிருக்கணும், இல்லன்னா டீசல் கிராங்க்கேஸுக்குள்ள இறங்குது. மோந்து பாருங்க. ஒரு சொட்டை டிஷ்யூ பேப்பர்ல விட்டு அரை மணி கழிச்சுப் பாருங்க. கறுப்புப் புள்ளியைச் சுத்தி வெளிறின எண்ணெய் வளையம் அகலமா விரிஞ்சா டீசல் கலந்திருக்கு.

அப்படின்னா வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க. டர்போ டீசல்ல மெலிஞ்ச ஆயில் அளவுக்கு மேல இருந்தா பேரிங் போறது ஒரு பக்கம், இன்ஜின் அந்த ஆயிலையே குடிச்சு ரன்-அவே ஆகலாம், அதாவது அடங்காம தானே வேகமெடுத்து ஓடலாம். அப்ப ஸ்டாப் கேபிளை இழுத்தாலும் நிக்காது. ஏர் கிளீனர் வாயை அடைக்க ஒரு பலகை எப்பவும் பக்கத்துல இருக்கட்டும். கையால அடைக்காதீங்க.

டீசல் இறங்கற வழக்கமான இடம் அமெரிக்கன் பாஷ் பிஎஸ்பி-6ஏ இன்ஜெக்ஷன் பம்ப். ஹைட்ராலிக் ஹெட் சீல், இல்லன்னா அதோட சப்ளை பம்ப் சீல். சோதனை சுலபம். டேங்குக்குள்ள 24 வோல்ட் எலெக்ட்ரிக் பம்ப் இருக்கு. சாவி இல்லாத வண்டி, அக்ஸசரி ஸ்விட்சைப் போட்டாலே அது ஓடும், காது வெச்சா முனகல் கேக்கும். பழைய ஆயிலை முழுசா எடுத்துட்டு, புது 15டபிள்யூ-40 ஊத்தி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தி, ஆயில் இறங்கினதும் அளவைக் குறிச்சுக்கங்க. இன்ஜின் ஓடாம ஸ்விட்சை மட்டும் அரை மணி போட்டு வைங்க. டிப்ஸ்டிக் ஏறினா சீல் போச்சு, பம்பை இறக்கித் தெரிஞ்ச கடைக்கு அனுப்புங்க. ஏறலன்னா முந்தினவர் ஊத்தின கணக்குதான் தப்பு.

ஃபில்டரோட சேர்த்து சுமார் 22 குவார்ட் பிடிக்கும். ஃபில்டர் ரெண்டு, கேனிஸ்டர் வகை. பழைய ரப்பர் ரிங் மேல பள்ளத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்கும். அதைக் கவனிக்காம புது ரிங்கை அது மேல வெச்சு முறுக்கினா, பிரஷர் ஏறினதும் ஆயில் மொத்தமும் தரையில. ஊசியால நோண்டி எடுத்துட்டு, விரலால பள்ளத்தைத் தடவிப் பாத்துட்டு மாட்டுங்க. ஸ்பின்-ஆன் ஃபில்டர் அடாப்டர் கிடைக்குது, இந்த வண்டிக்கு உருப்படியான மாடிஃபிகேஷன்னா அது ஒண்ணு.

ஃப்யூயல் ஃபில்டர் பிரைமரி, செகண்டரி, ஃபைனல்னு மூணு. ஒரே தரமா மூணையும் மாத்துங்க. டேங்க் அடியில டிரெயின் பண்ணித் தண்ணி, துரு வருதான்னு பாருங்க.

இப்ப ஃப்யூயலை ஏத்துற விஷயம். பம்ப் பக்கத்துல எஃப்டிசி-ன்னு ஒரு பெட்டி இருக்கும், எரிபொருள் எவ்வளவு மெலிசு, எவ்வளவு கெட்டின்னு பாத்து அளவைக் கூட்டிக் குறைக்கிறது. பெட்ரோல், ஜெட் ஃப்யூயல்னு கிடைச்சதை ஊத்தி ஓட்ட வெச்சது. நீங்க டீசல் மட்டும்தான் போடுவீங்கன்னா அதுக்கு வேலையே இல்ல, டயஃப்ரம் கிழிஞ்சு ஒழுகறது மட்டும்தான் மிச்சம். பைபாஸ் பண்ணிடலாம்.

பைரோமீட்டர் (எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டற மீட்டர்) இல்லாம பம்போட ஃப்யூயல் ஸ்க்ரூவைத் தொடாதீங்க. ப்ரோப் டர்போவுக்கு முன்னாடி, மேனிஃபோல்டுல வரணும். டர்போவுக்குப் பின்னாடி வெச்சா லோடுல 200, 300 டிகிரி ஃபாரன்ஹீட் குறைச்சுக் காட்டும், நீங்க நிம்மதியா இருக்கும்போதே பிஸ்டன் உருகிட்டிருக்கும். மேனிஃபோல்டைத் துளைக்கும்போது டர்போவை இறக்கிடுங்க, ஒரு இரும்புத்தூள் போதும் டர்பைனை முடிக்க. முன்னாடி வெச்ச ப்ரோப்ல 1,200 டிகிரி ஃபாரன்ஹீட், சுமார் 650 செல்சியஸ், அதுதான் எல்லை. 1/8 சுற்று ஏத்துங்க, லோடோட ஒரு மேடு ஏத்திப் பாருங்க, அப்புறம் அடுத்த 1/8.

நியாயமாச் சொன்னா, 130 குதிரைசக்தி வண்டியை 150 ஆக்கி என்ன கிடைக்கும்? இந்த இன்ஜின்ல ஹெட் கேஸ்கெட்தான் பலவீனம். ஹெட் ரெண்டு துண்டு, ஒவ்வொண்ணும் மூணு சிலிண்டருக்கு. கம்ப்ரஷன் 22:1. அதுக்கு மேல ஃப்யூயலை ஏத்தினா முதல்ல போறது கேஸ்கெட்டுதான். முதல்ல ஹெட் போல்ட்டை டிஎம் 9-2815-210-34-2-1 வரிசைப்படி டார்க் பாருங்க, பலதும் தளர்ந்திருக்கும். இன்ஜின் எல்லை 2,600 ஆர்பிஎம். இறக்கத்துல கீழ் கியர்ல விட்டு அதைத் தாண்ட விட்டா கனெக்டிங் ராடு பிளாக்கை உடைச்சுக்கிட்டு வெளிய வரும். கவர்னர் டீசலைத்தான் நிறுத்தும், சரிவு தள்றதை நிறுத்தாது.

---

மண்பாதை:

ஆயிலில் டீசல் வாடை இருக்கிறது. ஸ்டார்ட் செய்வதை நிறுத்திவிட்டேன். மல்டிஃப்யூயல் என்பதால் வடிகட்டிய பழைய இன்ஜின் ஆயிலைக் கலந்து ஓட்டலாம் என்று பலரும் சொல்கிறார்களே?

---

டீசல் புகை:

ஓடும். நாலுல ஒரு பங்குக்குள்ள கலந்தா வித்தியாசமே தெரியாது. ஆனா அதுல இருக்கற சாம்பல் நாசில்ல படியும், ஃபில்டர் மாத்துற செலவுல லாபம் கரைஞ்சிடும். கூலன்ட் கலந்த ஆயில் ஒரு டின் போனாலும் ஹைட்ராலிக் ஹெட் ப்ளஞ்சர் பிடிச்சுக்கும், அந்த ப்ளஞ்சருக்கு எரிபொருள்தான் மசகு. பம்ப் ரிப்பேருக்கு எத்தனை டேங்க் டீசல் வாங்கலாம்னு கணக்குப் போட்டுக்கங்க. இப்ப வர்ற குறைந்த கந்தக டீசல்ல வழுவழுப்பு கம்மின்னு பயந்தா 50 கேலன் டேங்குக்கு ஒரு குவார்ட் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில்) ஊத்தறது பலர் பழக்கம், அதுல கெடுதல் இல்ல.

---

ஆறுசக்கரம்:

டயர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதால்.

ஸ்டாக் ரிம் 7.5 அங்குல அகலம். 395/85ஆர்20-க்கு 10 அங்குல ரிம் வேண்டும். ஏலத்தில் மலிவாகக் கிடைப்பது 5 டன் எம்939ஏ2 ரிம், அதில் பத்து துளை, உங்கள் ஹப்பில் ஆறு ஸ்டட். நேராக ஏறாது, நடுத் தட்டை வெட்டி மாற்ற வேண்டும். வீல் வேலை மட்டுமே செய்யும் கடையில் கொடுங்கள், வீட்டு வெல்டிங் வேண்டாம். பின்னால் சிங்கிள் போட்டால் தடம் முன் சக்கரத்தோடு சேர ஹப்பைத் திருப்பி மாட்டுவார்கள், அதற்கும் டிரம்மைக் கழற்ற வேண்டும். அதனால் பிரேக் வேலையோடு சேர்த்து முடிவெடுத்தால் ஒரே கூலியில் முடியும்.

அதைவிட முக்கியம் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. டாஷ்போர்டில் முன் ஆக்ஸிலுக்கென்று ஒரு சிறு ஏர் லீவர் இருக்கிறதா? இருந்தால் டி-136-27, நீங்கள் போட்டால்தான் முன் ஆக்ஸில் இழுக்கும். இல்லையென்றால் டி-136-21, உள்ளே ஸ்ப்ராக் கிளட்ச். பின் சக்கரம் வழுக்கி வேகமாகச் சுற்றும்போது தானாகவே முன் ஆக்ஸிலைப் பிடிக்கும். பிரச்சினை எங்கே என்றால், முன்னால் பெரிய டயர் போட்டால் முன் ஷாஃப்ட் மெதுவாகச் சுற்றும். ஸ்ப்ராக்குக்கு அது பின் சக்கரம் வழுக்குவதாகவே படும், தார்ச் சாலையிலும் பிடித்துக்கொண்டே இருக்கும். பின்னால் தேய்ந்த டயர், முன்னால் புதுசு என்றாலும் இதே கதைதான். ஆறையும் ஒரே அளவில் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டும். தவணையில் மாற்றுவதென்றால் புதுசு பின்னால் போகட்டும்.

395-இன் விட்டம் சுமார் 46 அங்குலம், உங்கள் 9.00-20 சுமார் 40. அதாவது கியர் 15 சதவீதம் உயரும். 2,600-இல் 56 மைல் போன வண்டி 64 போகும், ஆனால் மேட்டில் ஒரு கியர் இறக்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது நிஜத்தில் 57. பிரேக்குக்கும் அதே விகிதத்தில் வேலை கூடும், பழைய இரும்பு சொன்னதை மறுபடி படியுங்கள். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி, 395-இல் நின்ற இடத்தில் திருப்புவது தோளுக்குப் பயிற்சி.

பண்ணைக்கும் மாதம் 60 மைலுக்கும் என் தேர்வு 11.00ஆர்20. சுமார் 43 அங்குலம், ஸ்டாக் ரிம்மிலேயே ஏற்றுகிறார்கள். ஆனால் சிங்கிளாக மட்டும். டூயலாகப் போட்டால் பக்கச் சுவர்கள் உரசும்.

ஸ்டாக் ரிம்மில் லாக் ரிங் (டயரை ரிம்மில் பிடித்து வைக்கும் இரும்பு வளையம்) இருக்கிறது. துருப்பிடித்த ரிங்கைப் பொருத்திக் காற்றடிக்கும்போது அது பறந்தால் ஆளைக் கொல்லும். கூண்டுக்குள் வைத்து, கிளிப் போட்ட நீளக் குழாயோடு தள்ளி நின்று அடிக்கும் கடையில்தான் கொடுக்க வேண்டும். ரிங்கிலும் அது உட்காரும் பள்ளத்திலும் துரு அரித்திருந்தால் ரிம்மோடு தூக்கிப் போடுங்கள்.

12 வோல்ட்: இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். அந்த ஒன்று வற்றும், ஆல்டர்னேட்டர் 28 வோல்ட்டை இரண்டுக்கும் சேர்த்தே கொடுப்பதால் மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகிக் கொதிக்கும். ஒரு வருடத்தில் இரண்டும் போகும். 24-லிருந்து 12-க்கு 20 ஆம்பியர் கன்வெர்ட்டர் ஒன்று, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ், போதும்.

கேமராவுக்காகக் கேபினில் துளை போடும்போது பெயின்ட்டைக் கவனியுங்கள். 80-களுக்குப் பிறகு அடித்தது கார்க் (CARC) பெயின்ட், ரசாயன ஆயுதங்களைத் தாங்கும் ராணுவப் பூச்சு. உலர்வாகத் தேய்க்கவோ, அதன் மேல் வெல்டிங் வைக்கவோ கூடாது, தூளும் புகையும் நஞ்சு. ஈரமாகத் தேய்த்து, ரெஸ்பிரேட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

---

மண்பாதை:

ஏர் லீவர் இல்லை, ஆக ஸ்ப்ராக் கேஸ்தான். 11.00ஆர்20 ஆறு, இரட்டை சர்க்யூட் பிரேக், பம்ப் கடைக்கு. ஃப்யூயலை ஏற்றுவதைக் கைவிட்டாயிற்று. ஹப் கழற்றும்போது பார்க்கிங் பிரேக் போட்டால் போதுமா?

---

பழைய இரும்பு:

போதாது. அந்தப் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்ட்டில் இருக்கும் டிரம். பின் ஆக்ஸில் இரண்டிலும் ஒவ்வொரு சக்கரம் தரையை விட்டு எழும்பினாலோ, ஆக்ஸில் ஷாஃப்ட்டை உருவினாலோ டிஃபரென்ஷியல் வழியாக வண்டி தாராளமாக உருளும். முன் சக்கரம் இரண்டுக்கும் இருபுறமும் கட்டை, ஒரு நேரத்தில் ஒரு ஆக்ஸில் மட்டும், ஜாக்கியை நம்பாமல் ஹவுசிங்குக்கு அடியில் 10 டன் ஸ்டாண்ட். வீல் நட் மறுபடி இறுக்க 300 அடி-பவுண்டுக்கு மேல் வேண்டும், 3/4 அங்குல டிரைவ் சாக்கெட்டும் டார்க் ரெஞ்சும் வாடகைக்கு எடுங்கள். முதல் 50 மைலில் ஒருமுறை திரும்ப இறுக்கிப் பாருங்கள்.